எம்.எல்.ஏ. விட்டுவைத்த ஒரு வரி

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. போன தேர்தலில் தோற்றதற்கு நானும் ஒரு காரணமா என்பது எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. கணவரிடம் கேட்டால், "உனுக்கு ரொம்பத்தான் நெனப்பு. அவுரு தோக்குறதுக்கு உன் உதவி எதுக்கு? அவுரே போதும்" என்கிறார். இருந்தாலும் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த யோசனை வந்துவிடுகிறது. நான் செய்ததெல்லாம் என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் பார்த்தது மட்டும்தான்.

தொகுதியின் பெயரை எழுதப் போவதில்லை. திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரை எனக்கு நான்கு தேர்தலாகத் தெரியும். முதல் தேர்தலில் நான் ஒன்பதாம் வகுப்பு. தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு வேனில் ஆள் ஏற்றி அனுப்புகிற தொழில் செய்துகொண்டிருந்தவர், திடீரென்று சுயேச்சையாக நின்றார். தையல் மெஷின் சின்னம். குட்டி யானை வண்டியில் நிஜமான தையல் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்தார். என் அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டு தெச்சிக் குடுப்பாரான்னு கேளுடி" என்றாள். டெபாசிட் போயிற்று. அடுத்த முறை ஒரு கட்சியில் சேர்ந்து நின்று தோற்றார். அதற்கு அடுத்த முறை அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியில் சேர்ந்து நின்று ஜெயித்தார். கட்சி மாறினாலும் ஃப்ளெக்ஸ் பேனரில் அவருடைய போட்டோ மாறவில்லை. பிரிண்ட் போடுகிற கடையில் வேட்டியின் கரையை மட்டும் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிக்கொண்டார்கள். கூர்ந்து பார்த்தால் முழங்காலுக்கு அருகில் பழைய கரை கொஞ்சம் மிச்சமிருப்பது தெரியும்.

அவர் ஜெயித்து நான்கு வருடம் கழித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அவருடைய அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. நான் பி.காம்., தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். அதற்கு முன்பு அங்கே தட்டச்சு செய்த பெண் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். என் கணவரும் அங்கேதான் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார். எனக்கு அலுவலகம் பிடித்துப்போனதற்குக் காரணம், மகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்னதுதான்.

அவள் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கி விளையாடுவாள். எம்.எல்.ஏ.வுக்கு வருகிற பத்திரிகைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு நாள் சத்தமே இல்லையே என்று நான் சந்தோஷமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் குளிப்பாட்டும்போது என் மாமியார் கத்தினார்.

"இன்னாடி இது? புள்ள வயித்துல சட்டமன்ற உறுப்பினர்னு குத்திக்கினு வந்துகிறா! தொடையில வேற ரெண்டு!"

ரப்பர் ஸ்டாம்பு மை உடம்புக்கு ஆகுமா, ஆகாதா என்று அன்று முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மூன்று நாள் அழியாமல் இருந்தது.

வேலை எளிதானதுதான். இரங்கல் செய்தி, வாழ்த்து மடல், மனுக்களுக்கு முகப்புக் கடிதம். சட்டமன்றத்தில் பேச வேண்டியதையும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். பேச்சில் முக்கால்வாசி தலைவரைப் பற்றிய புகழ்ச்சி. கடைசி வரியில் எங்கள் லெவல் கிராசிங்குக்கு ஒரு மேம்பாலம் வேண்டும் என்று இருக்கும். கடைசி வரிக்கு அவர் வந்து சேர்வதற்குள் மணி அடித்து உட்காரச் சொல்லிவிடுவார்கள். பாலத்தை முதல் பத்திக்குக் கொண்டுபோனால் என்ன என்று, சேர்ந்த இரண்டாம் நாளே அவருடைய பி.ஏ.விடம் கேட்டேன். பி.ஏ. ஐம்பது தாண்டியவர், எம்.எல்.ஏ. தையல் மெஷினோடு சுற்றிய காலத்திலிருந்தே கூட இருப்பவர். "பாலம் வரும்மா, ஆனா அண்ணனுக்கு அடுத்த தடவ சீட்டு வராது" என்றார். அதற்குப் பிறகு நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன். எதையும் கேட்காமல் நானே சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களிடம் அதிகம் கேட்டு வருவது பரிந்துரைக் கடிதம். கம்பெனி வேலைக்கு, நர்சிங் சீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு. வந்தவர் சொல்வதை எம்.எல்.ஏ. கேட்டுக்கொள்வார், பி.ஏ. ஒரு துண்டுச் சீட்டில் விவரம் எழுதி மூலையில் ஒன்று அல்லது இரண்டு என்று போட்டு என்னிடம் தருவார். ஒன்று என்றால் கம்ப்யூட்டரில் இருக்கிற முதல் மாதிரி, இரண்டு என்றால் இரண்டாவது மாதிரி. இரண்டும் ஒரே வாசகம்தான். "இவரது குடும்பத்தினரை நான் நன்கு அறிவேன்" என்று எல்லாவற்றிலும் இருக்கும். ஒரே வித்தியாசம், முதல் மாதிரியில் மேலே "அன்புள்ள ஐயா, வணக்கம்" என்று இருந்தது. இரண்டாவதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

முன்னால் இருந்த பெண் அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். எம்.எல்.ஏ. அனுப்புகிற கடிதம் வணக்கம்கூட இல்லாமல் மொட்டையாகப் போனால் நன்றாகவா இருக்கும்? சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டாவது மாதிரியிலும் "அன்புள்ள ஐயா, வணக்கம்" சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எம்.எல்.ஏ. காரில் ஏறுகிற நேரத்தில்தான் கையெழுத்துப் போடுவார். கடிதக் கட்டை கார் பானெட் மேல் வைத்து மடமடவென்று போட்டுக்கொண்டே போவார். "இந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து வேல சீக்கிரமா முடியுது" என்று பி.ஏ.விடம் சொன்னாராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

மகளுக்கு மூன்றரை வயது ஆயிற்று. மீஞ்சூர் போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடம். ஊரில் குழந்தை வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்தப் பள்ளிதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும் என்று நினைத்தேன், பிறகு அவ்வளவு பெரிய பள்ளியில் இவள் தொலைந்துபோவாளோ என்று நினைத்தேன், பிறகு சேர்க்காமல் விட்டால் பெரியவளாகி என்னைக் கேட்பாளோ என்று நினைத்தேன். விண்ணப்பம் கொடுக்கிற முதல் நாளே காலை ஆறு மணிக்குப் போய் வரிசையில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமியார் சிரித்தார்.

"எம்.எல்.ஏ. ஆபீசுல வேல செய்யுறவ, ரேஷன் கட மாதிரி லைன்ல நின்னுக்கினு வராளே! ஒரு லெட்டரு வாங்க வாயில்லயா உனுக்கு?"

கணவரும் அதையேதான் சொன்னார். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமல் விட்டு இடம் கிடைக்காமல் போனால் அது என் குற்றம் ஆகிவிடுமே என்று பயமாகவும் இருந்தது. ஒரு நாள் அவர் காரில் ஏறப்போகும்போது போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும், "யாரு, நம்ம பாப்பாவா? போட்டுக்கோம்மா, இதெல்லாம் என்னாண்ட கேக்கணுமா?" என்றார். துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. நானே உட்கார்ந்து அடித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல், ஓரம் சரியாக, நான் அடித்ததிலேயே அழகான கடிதம். பானெட் மேல் மற்றதோடு வைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாங்கினார், மேல் வரியைப் பார்த்தார், பின்னால் இருந்த கடிதக் கட்டுக்குள் செருகினார். அந்தக் கட்டு என் முழங்கை உயரம் இருந்தது. எட்டிப் பார்த்தால் எல்லாமே நான் அடித்த கடிதங்கள்.

"மேடம், தாளாளர்கிட்ட காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இத்தயா? இதெல்லாம் சும்மா வர்ற லெட்டரும்மா. எம்.எல்.ஏ. நெசமா சொல்றாருன்னா மேல 'அன்புள்ள'ன்னு கையால எழுதி அனுப்புவாரு. அது மட்டும்தான் உள்ள போவும். மெஷின்ல அடிச்சிருந்தா கட்டுல வெச்சிடுன்னு அவங்க ஆபீசுலயே சொல்லிக்கிறாங்க. கொஞ்ச மாசமா கையால எழுதுனது ஒண்ணுகூட வரல. அவுருக்கு வேண்டப்பட்டவங்களே இல்லாம போயிட்டாங்க போல."

நான் எழுந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பார்க்காமல் சாய்த்ததில் அவள் சட்டையெல்லாம் நனைந்தது. அந்த வெறும் வரி, எம்.எல்.ஏ. கையால் எழுதுவதற்காக விட்டுவைத்த இடம். அதை நான் ஏழு மாதமாக நிரப்பிக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தக்காரர்கள், கட்சிக்காரர்கள், வேலை செய்து கொடுத்தவர்கள் என்று அவர் உண்மையாகவே உதவ நினைத்த அத்தனை பேருடைய கடிதமும் இந்த மாதிரிக் கட்டுகளுக்குள்தான் கிடந்தது. என் மகளுடையதும். அவளுடையதில் அவர் கையால் எழுதியிருப்பாரா, மாட்டாரா? அதையும் தெரிந்துகொள்ள முடியாதபடி நானே அழகாக அடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பி.ஏ.விடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார்.

"அடிப்பாவி. அதான் ஒன்றியச் செயலாளரு என்னப் பாத்தாலே மொறச்சிக்கினு போறானா? அவன் மச்சினிச்சி பொண்ணுக்கு நர்சிங் சீட்டுன்னு ரெண்டு போட்டுக் குடுத்தேனே! அண்ணனோட சம்பந்தி வூட்டுல பேச்சுவார்த்தையே இல்ல தெரியுமா? பேஜாராச்சே இது."

"சார்கிட்ட சொல்லிடறேங்க."

"சொல்லாத. எலெக்ஷன் நேரத்துல அவுருக்கு பி.பி. ஏத்தாத. உம்பொண்ணுக்கு நானே நின்னு புதுசா ஒண்ணு கையால எழுதி வாங்கித் தரேன், போ."

அந்தப் புதுக் கடிதம் வரவில்லை. அடுத்த நாளே தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் அலுவலகத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். கடிதத்தாள், ஸ்டாம்பு எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. பி.ஏ. வீட்டில் பழைய கடிதத்தாள் நாலைந்து கிடக்கிறது, முன் தேதி போட்டு எழுதிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏன் வேண்டாம் என்றேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பிள்ளை விஷயத்தில் ஒரு தாய் இப்படியா நியாயம் பார்ப்பாள்? ஆனால் திரும்பிப் போய்க் கேட்கவும் மனம் வரவில்லை.

எம்.எல்.ஏ.வுக்கு மறுபடியும் சீட்டுக் கொடுத்தார்கள். பங்குனி வெயிலில் பிரச்சாரம். எங்கள் தெருவுக்கு வேன் வந்தபோது பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் மைக்கைப் பிடித்ததும், மாடி மேலிருந்து ஒரு ஆள் கத்தினான்.

"நைனா! எம்புள்ளைக்கு லெட்டரு குடுத்தியே, அத்த ஸ்கூல்ல வாங்கி மூக்குகூட தொடைக்கல நைனா!"

கூட்டம் சிரித்தது. இன்னொரு குரல், "எனுக்கும் அதே கததான்!" என்றது. எம்.எல்.ஏ.வின் முகம் சிவந்துவிட்டது. தன்னுடைய கடிதத்துக்கு மரியாதை இல்லை என்று ஊர் முன்னால் ஒருவன் சொல்லி அவர் கேட்பது அன்றுதான் முதல் முறை.

"எந்த ஸ்கூலுன்னு எனக்குத் தெரியும்!" என்று மைக்கில் முழங்கினார். "மக்களோட எம்.எல்.ஏ. எழுதுன கடிதாசிய மதிக்காத ஸ்கூலு! ஜெயிச்சி வந்த மொத நாளு, அந்த கேட்டு முன்னாடிதான் வந்து நிப்பேன்!"

கைதட்டினார்கள். அவருடைய ஆட்கள் போய் அந்தப் பள்ளியில் ஏதாவது கலாட்டா செய்தால், எம்.எல்.ஏ. அலுவலகத்துத் தட்டச்சுக்காரியின் மகளுக்கு அங்கே இடம் கொடுப்பார்களா? அடுத்த தெருவிலும் இதையே பேசுவார். வேன் நகர ஆரம்பித்தது. நான் பிள்ளையோடு பின்னால் ஓடினேன். வியர்வையில் நனைந்த சட்டையை அவர் மாற்றுவதற்காகத் தெருமுனையில் வேனை நிறுத்தினார்கள். பி.ஏ. என்னைப் பார்த்ததும், வேண்டாம் என்று கண்ணாலும் கையாலும் காட்டினார்.

"சார், ஸ்கூல் மேல தப்பில்ல. நான் பண்ண தப்பு சார்" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நின்றார்.

"அப்போ ரெண்டு போட்டதும் ஒண்ணு மாதிரியே போயிடுச்சா?"

"ஆமாம் சார். எல்லாமே."

"ஏழு மாசமா?"

"ஆமாம் சார்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யோவ்," என்று பி.ஏ.வைக் கூப்பிட்டார், "சொந்தக்காரன், கட்சிக்காரன், ஊர்க்காரன்னு பாக்காம எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துன எம்.எல்.ஏ. இந்த மாவட்டத்துலயே நாந்தான்யா. இத்த மேடையில சொல்ல முடியாம போச்சே!"

அவர் சிரித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "சார், என் பொண்ணுக்குக் குடுத்த லெட்டரு... அது ஒண்ணா சார், ரெண்டா?"

"உனுக்கா? இன்னாம்மா கேள்வி இது? ரெண்டுதான்!" என்று என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால், லெவல் கிராசிங்கில் மேம்பாலம் வந்தே தீரும் என்று சொன்னபோதும் இதே குரல்தான். அடுத்த தெருவில் அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

ஓட்டுப் போட்ட பிறகு முடிவு வருவதற்கு நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் பள்ளியில் பட்டியல் ஒட்டினார்கள். நான் போய், கடைசியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தேன். காத்திருப்போர் பட்டியலில் இல்லை. கீழ்ப் பாதியில் இல்லை. போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். மேலே மூன்றாவதாக அவள் பெயர் இருந்தது. பிறந்த தேதியை நான்கு முறை சரிபார்த்தேன். அதே கண்ணாடி அம்மாவிடம் போய் எப்படி என்று கேட்டேன்.

"எவன் ஜெயிப்பான்னே தெரியல. யார் லெட்டர நம்பி யாருக்கு சீட்டு வெக்கிறது? பழைய ஆளு தோத்துட்டா வீணு, புது ஆளு லெட்டரு வர ஒரு மாசம் ஆவும். தாளாளரு சலிச்சிப்போயி, இந்த வருசம் வந்த வரிசப்படியே போட்டுத் தொலைன்னுட்டாரு. நீதான் மொத நாளு காலங்காத்தாலயே வந்து நின்னியே!"

வீட்டில் இதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "லெட்டரு வேல செஞ்சிருச்சின்னு சொல்ல உனுக்கு இன்னா கஷ்டம்?" என்றார் மாமியார். தெருவெல்லாம் அவரே சொல்லியும் விட்டார்.

மே மாதம் ஓட்டு எண்ணிய அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஒன்றியச் செயலாளர் பூத் வேலையே பார்க்கவில்லை என்றார்கள். சம்பந்தி வீட்டார் ஓட்டுக்கூடப் போடாமல் வெளியூர் போய்விட்டார்கள் என்றார்கள். யார் எதைச் சொன்னாலும் எனக்கு அந்தக் கட்டுதான் கண் முன்னால் வந்தது.

ஒரு வாரம் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றும் தோன்றியது. எப்போதும் ஐம்பது செருப்பு கிடக்கிற வாசலில் இரண்டு ஜோடிதான் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அவர் கட்டம்போட்ட லுங்கியில், கரை இல்லாமல், டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"வாம்மா. பாப்பாவுக்கு சீட்டு கெடச்சிச்சாமே?"

"கெடச்சிருச்சி சார்."

"பாத்தியா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளு தோத்துட்டாலும் லெட்டரு தோக்கல!"

பேருந்திலேயே வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் சார்," என்றேன். "உங்க லெட்டர்தான்."

"இங்க வா, வந்து கேட்டுக்கினு போ!" என்று சமையலறைப் பக்கம் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். "எனுக்கு மரியாத இல்லன்னியே!" பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு வேலை செய்தார். "அந்தத் தாளாளருக்கு ஒரு நன்றி சொல்லிடணும்" என்று மேசை மேலிருந்த போனை எடுத்தார்.

"வேணாம் சார், அவங்க வேலையா இருப்பாங்க."

"ஒரு நிமிசம்மா. இன்னா வேல?"

மணி போகிற சத்தம் எனக்கும் கேட்டது. எடுத்தால் என்ன சொல்வார்கள்? எந்த லெட்டர் என்று கேட்பார்கள். வரிசைப்படி போட்டோம் என்பார்கள். நான் சொன்னது பொய் என்று இவருக்குத் தெரிந்துவிடும். மகளின் சீட்டுக்கே வினை வருமோ? மணி முழுதாக அடித்து நின்றது. மறுபடி போட்டார். அதுவும் முழுதாக அடித்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த எண்ணிலிருந்து போன் வந்தால், பாதி மணியிலேயே எடுத்து எழுந்து நின்று பேசியிருப்பார்கள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அதைப் பார்த்ததும், அப்பாடா என்று நினைத்ததற்காக என்னை நானே கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"மீட்டிங்ல இருப்பாரு," என்றார்.

"ஆமாம் சார். அட்மிஷன் டைம்."

"கொஞ்ச நேரம் கழிச்சிப் போடட்டுமா?"

"வேணாம் சார். நாங்க நேர்ல போகும்போது நீங்க நன்றி சொன்னதாச் சொல்லிடறோம்" என்றேன். மகளை அவருக்கு வணக்கம் சொல்லச் சொன்னேன். அவள் சொல்ல மாட்டேன் என்று என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.